ஏரிக்குள் கொடி காட்டிய கதை

என் மனைவிக்கு என் மேல் நம்பிக்கை குறைவு. மகள் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை வாங்கிவர என்னைக் கடல் தாண்டி அனுப்பியபோது ஒரு துண்டுக் காகிதத்தை என் சட்டைப்பையில் செருகினாள். ‘அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. கடைக்காரன் காட்டுவதை வாங்கிவிடாதீர்கள். தறி வீட்டுக்கே போங்கள்’ என்று அதில் எழுதியிருந்தது. அரக்கு என்றால் சிவப்பில் ஏதோ ஒரு வகை என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. ஜொகூரிலிருந்து மூன்று மாதத்துக்கு முன்பே கடிதம் எழுதிச் சொல்லிவைத்த புடவை. போய் வாங்கிக்கொண்டு வருவதில் என்ன பெரிய வித்தை என்று புறப்பட்டுவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் இறங்கியது திங்கட்கிழமை காலை. ஜட்கா வண்டிக்காரர் என்னைப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. “அவ்ளோ பின்னால வோணாம் சார், ரவ முன்னால வா” என்றார். வந்தேன். குதிரை தலையைத் தொங்கப் போட்டது. இப்படி முன்னும் பின்னுமாக நகர்ந்தே ஊருக்குள் வந்து சேர்ந்தேன். இறங்கியபோது அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, “வெளிநாட்டு சாப்பாடு, இன்னா பண்றது” என்று அதனிடம் ஆறுதல் சொன்னார்.

முதலில் வயிற்றைக் கவனித்தேன். எங்கள் ஊரில் இட்லி என்றால் தட்டுக்கு மூன்று. இங்கே உலக்கைத் துண்டு மாதிரி நீளமாக ஒரே இட்லியாக அவித்து, வட்டம் வட்டமாக நறுக்கி வைக்கிறார்கள். மந்தார இலை வாசனை, சுக்கு, மிளகு எல்லாம் சேர்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. நான்கு வில்லை சாப்பிட்டேன். காப்பியில் மட்டும் சின்னக் குறை. கெட்டிப் பால் ஊற்றிய எங்கள் கோப்பி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

நெசவாளர் ஏகாம்பரத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. பெயரைச் சொன்னதும் தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அப்போது விளங்கவில்லை.

ஏகாம்பரத்துக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கணீரென்ற குரல். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வள்ளியம்மா. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்த்து நெய்யும் புடவைக்கு ஒரு ஆள் போதாது. ஒரு பக்கத்துக் கரைக்கு ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வள்ளியம்மாவுடையது. தறியில் என் மகளின் புடவை இருந்தது. இரண்டு கெஜம் இன்னும் பாக்கி இருந்தது.

“சனிக்கிழமை நான் கிளம்பணும்” என்றேன்.

“வியாழக்கிழமை சாயங்காலம் அறுத்துக் குடுத்துடுவேன் சார். வெள்ளிக்கிழமை அமாவாச. அன்னிக்குத் தறி ஓடாது” என்றார் ஏகாம்பரம். அப்போதுதான் அவர் கண் என் தொப்பியில் விழுந்தது. அதில் குறுக்காக வைத்த இரண்டு கொடிகள் கொண்ட ஒரு பித்தளை வில்லை இருந்தது. “அது இன்னா சார்?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்றுதானே நான் அந்தத் தொப்பியையே போட்டுக்கொள்கிறேன்! வார நாட்களில் நான் துறைமுகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் பந்தயங்களில் கொடி காட்டுகிறவன். பன்னிரண்டு வருட அனுபவம். இதைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

ஏகாம்பரம் நாடாவைக் கீழே வைத்துவிட்டார். குழியிலிருந்து எழுந்தே விட்டார். “வள்ளி, சாமியே அனுப்பிச்சிக்கிது” என்றார்.

“சாமி பொடவ வாங்கிக்கினு போவதான் அனுப்பிச்சிக்கிது. உக்காருங்க” என்றார் வள்ளியம்மா.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அமாவாசை, எல்லாத் தறிக்கும் விடுமுறை. அன்று செவிலிமேட்டுப் பக்கம் வறண்டு கிடக்கும் ஏரிக்குள் மோட்டார் சைக்கிள் பந்தயம். சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் ஐந்து பேர் ஓட்டுகிறார்கள். மைக் பிடித்து ஜனங்களுக்குப் பந்தயத்தைச் சொல்கிறவர் ஏகாம்பரம். போன வருடமும் அவர்தான் சொன்னார். சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த மாகறல் விவசாயி கன்னியப்பனை வெற்றி வீரர் என்று அறிவித்து, மாலையும் போட்டுவிட்டார். உண்மையில் ஜெயித்தவர் சைக்கிள் கடை கோபால். அவர் அந்தப் பக்கம் வெறுங்கழுத்தோடு நின்றிருக்கிறார்.

“ஒரு வருஷமா காய்கறிக்காரி கூட ‘யாருபா ஜெயிச்சது’ன்னு கேட்டுட்டுதான் சார் தராசத் தூக்கறா” என்றார் ஏகாம்பரம். குரல் இறங்கிப்போயிருந்தது. “இந்த வருஷமும் தப்பா சொன்னன்னா அந்த மைக்க நான் தொட மாட்டேன். தொட உடவும் மாட்டாங்க. அந்த பாஷையெல்லாம் எனக்கு ரவ சொல்லிக் குடுங்க.”

தெருக்காரர்கள் சிரித்ததன் காரணம் விளங்கியது. சரி என்றேன். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பாடம் தொடங்கியது. லேப் என்றால் ஒரு சுற்று. இது சுலபமாக ஏறியது. அடுத்தது பிட். ஓட்டத்தின் நடுவே வண்டியை ஓரம் கட்டி, எண்ணெய் போட்டு, சக்கரம் மாற்றுகிற இடம். ஆங்கிலத்தில் குழி என்று அர்த்தம் என்றேன். ஏகாம்பரம் தன் கால் இறங்கியிருந்த குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “அப்ப இருவது வருஷமா நான் பிட்லதானா சார் கீறேன்?” என்றார். போல் பொசிஷன் என்றால் புறப்படும்போது முதல் வரிசையில் முதல் இடம் என்றேன். போல் என்றால் கம்பமாச்சே, கம்பம் எங்கே என்று கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. அங்கேயெல்லாம் கம்பம் நட மாட்டார்கள் என்று மழுப்பினேன். வண்டி பழுதாகி நின்றுவிட்டால் ரிட்டயர்டு என்று சொல்ல வேண்டும் என்றேன். “பென்சன் உண்டா?” என்றார் வள்ளியம்மா. அவர் பேசினால் தறியை நிறுத்தாமல் பேசுவார். ஏகாம்பரம் அப்படி அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் நாடாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

முக்கியமான பாடம் லேப்டு. முன்னால் தெரிகிறவன் எல்லாம் முன்னால் இல்லை. கோபாலுக்கு முன்னே ஓடுகிறவன் உண்மையில் கோபாலுக்கு ஒரு சுற்றுப் பின்னே இருக்கலாம். இதைக் கை விரல், தீப்பெட்டி, இரண்டு எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்து விளக்கினேன். எலுமிச்சம்பழம் ஒன்று குழிக்குள் உருண்டு விழுந்தது. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“பக்கத்து ஊட்டுத் தறியும் என் தறியும் ஒரே நேரத்துல சத்தம் போடுது. கேக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அவன் ரெண்டாவது பொடவ, நான் மொதப் பொடவ. அதானே சார்?”

அதேதான். என் எலுமிச்சம்பழங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை வள்ளியம்மா புடவையைச் சாண் போட்டு அளந்தார். காலையில் இருந்ததைவிட ஒரு சாண்கூட ஏறவில்லை. “அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இவுரு வாயாலயே நெய்ஞ்சிக்கினு கீறாரு. நாளைக்கு நீங்க இந்தப் பக்கம் வராதீங்க. எங்கயாவது கோயில் குளம் பாத்துட்டு வாங்க” என்றார். புடவை வாங்க வந்து, புடவைக்காகவே வீட்டை விட்டு விரட்டப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புதன்கிழமை திருமுக்கூடலுக்குப் பஸ் ஏறினேன். மூன்று ஆறுகள் கூடுகிற இடம் என்றார்கள். நான் போனபோது மூன்று மணல்கள் கூடியிருந்தன. கோயில் சுவர் முழுக்கக் கல்லெழுத்து. ஒரு வரி படிக்கத் தெரியாமல் அதன் முன் கொஞ்ச நேரம் பணிவாக நின்றுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் பஸ் நின்றுபோனது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஜனங்கள் குடையை விரித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இங்கே மாப்பிள்ளை ஊர்வலம் போலப் பேசிச் சிரித்துக்கொண்டு தள்ளுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் தள்ளிய வெற்றிலை வியாபாரி என் தொப்பியைப் பார்த்தார்.

“ஏகாம்பரத்துக்குப் பாடம் நடத்தறது நீங்கதானா? இந்த வருசமாவது ஜெயிச்சவனுக்கு மால வுழுமா?”

“விழும்” என்றேன், மூச்சு வாங்க.

“பாப்போம், பாப்போம். நான் அதப் பாக்கவே வரேன்” என்றார். பஸ் கிளம்பிவிட்டது. அதன் பின்னால் ஓடி ஏறினோம். ஊர் முழுக்க அந்த மனுஷன் தடுக்கி விழுவதைப் பார்க்கவே வரப்போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் புடவைக் கவலை கொஞ்சம் பின்னுக்குப் போனது.

வியாழக்கிழமை மத்தியானம் ஓட்டுகிறவர்களுக்கு ஏரியிலேயே கொடி வகுப்பு வைத்தேன். நாலு பேர் வந்தார்கள். கன்னியப்பன் மட்டும் வரவில்லை. வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாராம். மஞ்சள் காட்டினால் எச்சரிக்கை, யாரையும் முந்தக் கூடாது. நீலம் காட்டினால் பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். “ஏன் உடணும்?” என்றார் கோபால். “எங்க ஊர்ல லாரியே வழி உடாது.” அதை விளக்குவதற்குள் பொழுது போய்விட்டது. ஆனால் சிவப்பைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருந்தேன். “சிவப்பு காட்டினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு முழம் கூட நகரக் கூடாது. சந்தேகமாக இருந்தாலும் நிற்க வேண்டும்.” மூன்று தடவை சொல்ல வைத்தேன். கடைசியில் காட்டுவது கட்டம் போட்ட கொடி. அதைக் கண்டதும் பந்தயம் முடிந்தது, கோட்டைத் தாண்டி வரலாம்.

அந்தக் கட்டம் போட்ட கொடியைத் தைக்கும் பொறுப்பை வள்ளியம்மா ஏற்றிருந்தார். தறி வீட்டில் துண்டுத் துணிக்குப் பஞ்சமா? கறுப்பும் வெள்ளையும், ஒரு சாண் சதுரம் என்று சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் போனேன். தறி நின்றிருந்தது. புடவையை அறுத்து மடித்துத் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். மேலே ஒரு மஞ்சள் துண்டு. நான் பேசாமல் இருந்த ஒன்றரை நாளில் அது வளர்ந்த வேகத்தைப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார் வள்ளியம்மா. “கொடி. பிரிச்சிப் பாருங்க அண்ணா” என்றார். நான் சிரித்து, “கடைசிச் சுற்றுக்கு முன்னால் அந்தக் கொடியை விரிக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம்” என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. சொன்னால் கெத்தாக இருந்தது, சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றுபோனதில் காது அடைத்ததுபோல் இருந்தது. எல்லோரும் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு ஏரிக்கு நடந்தார்கள். கரை நிறைய ஜனம். வெற்றிலை வியாபாரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. என்னைச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

பன்னிரண்டு சுற்று. ஏகாம்பரம் மைக்கைத் தொட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டது. இப்படி ஒரு குரல் எங்கள் ஊர்ப் பந்தயத்தில் இல்லை. “மகா ஜனங்களே! கோபால் வண்டி கொண்டை ஊசி வளைவுல திரும்பிக்கினு வருது! அதுக்கு முன்னாடி இன்னொரு வண்டி வருதுன்னு பாக்கறீங்களா? அது நம்ம மாகறல் கன்னியப்பன்! ஆனா ஏமாந்துடாதீங்க, அவரு ஒரு சுத்து கம்மி! அவரு மொதப் பொடவ, கோபாலு ரெண்டாவது பொடவ!” கரையில் இருந்த நெசவாளிகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பதினோராவது சுற்றில் ஐந்து வண்டியும் எங்கெங்கே இருக்கின்றன என்று அவர் மூச்சுவிடாமல் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. என் மாணவன் என்கிற கர்வமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

கடைசிச் சுற்று. கோபால் முதலில், பின்னால் மூன்று பேர், அதற்கும் பின்னால் புழுதிக்குள் எங்கேயோ கன்னியப்பன். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். கொடியை உதறி, தலைக்கு மேல் தூக்கிப் பெரிதாக வீசினேன்.

பட்டு. அழகான பட்டு. கட்டம் எல்லாம் ஒரு நூல் பிசகாத சதுரம். ஆனால் கறுப்பு இல்லை. கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் என் மகளின் புடவை நிறம். அந்த வெயிலில், அந்தப் புழுதியில், காற்றில் படபடத்தபோது வெள்ளைச் சதுரங்கள் எங்கே போயினவோ! பார்க்கிறவனுக்கு அது முழுச் சிவப்பு.

கோபால் பிரேக்கை அழுத்தினார். கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்போது வண்டி நின்று, எஞ்சினும் அணைந்தது. பின்னால் வந்த மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். ஒரு முழம் கூட நகரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் என் வகுப்பு இவ்வளவு ஒழுங்காகப் பலித்தது அன்றைக்கு மட்டும்தான். வகுப்புக்கு வராத கன்னியப்பன் மட்டும் அந்த நாலு வண்டிக்கும் நடுவில் வளைந்து நெளிந்து வந்து, கோட்டைத் தாண்டி, ஒரு கையையும் தூக்கிவிட்டார்.

கரை கொந்தளித்தது. மாலையோடு இரண்டு பேர் கன்னியப்பனைப் பார்த்து ஓடினார்கள். வெற்றிலை வியாபாரி எழுந்து நின்று, “அதே ஆளுபா! அதே ஆளு!” என்று கத்தினார். ஏகாம்பரம் மைக்கும் கையுமாக என்னைப் பார்த்தார். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சிவப்பு காட்டினால் பந்தயம் ரத்து, அது விதி. அதைச் சொன்னால் இந்த வருடமும் அவருக்குச் சிரிப்புத்தான் மிஞ்சும். கொடியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் மேல் சிலைமாதிரி நின்றேன்.

ஸ்பீக்கர் ஒரு தரம் கரகரத்தது.

“மாலையக் கீழ எறக்குங்கப்பா” என்றார் ஏகாம்பரம், நிதானமாக. “கன்னியப்பா, நீ இன்னும் ஒரு சுத்து பாக்கி. போய்ட்டு வா.” கன்னியப்பன் சிரித்துக்கொண்டே, “எனக்கு இந்த மாலையே வோணாம்பா, போன வருசம் போட்டதே போதும்” என்று வண்டியைத் திருப்பினார். “கோபாலு, எதுக்கு நின்னுட்ட? அது செவப்பு இல்ல. அரக்கு. நல்லா பாரு.”

கரையிலிருந்து யாரோ, “அரக்குதான்!” என்றார்கள். தெருத் தெருவாக உட்கார்ந்திருந்த நெசவாளிக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. “அரக்குதான்! அரக்குதான்! செவப்பா அது?” பிறந்ததிலிருந்து நூலின் நிறத்தைப் பார்த்தே வளர்ந்த ஜனம். சிவப்பையும் அரக்கையும் ஒன்று என்று சொன்னால் அவர்களுக்கு மஞ்சளையும் நீலத்தையும் ஒன்று என்று சொன்ன மாதிரி.

“வண்டி ஓட்டறவங்க மேல தப்பு இல்ல, சார் மேலயும் தப்பு இல்ல” என்றார் ஏகாம்பரம். “எங்க ஊட்டுக் கொடி. எங்களுக்குத் தெரியுற நெறம் எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டோம். மகா ஜனங்களே, இதோ கோபால் வண்டியத் தள்ளிக்கினு வராரு! இன்னும் ஒரு முழம்! இன்னும் அரை முழம்! வந்துட்டாரு! ஜெயிச்சது சைக்கிள் கடை கோபால்!”

அணைந்துபோன வண்டியை அசடு வழியத் தள்ளிக்கொண்டு வந்து ஜெயித்த வீரரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கரை முழுக்கச் சிரித்தது. ஆனால் ஏகாம்பரத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வெற்றிலை வியாபாரி இறங்கி வந்து, அவர் கையில் ஒரு கவுளி வெற்றிலையை வைத்துவிட்டுப் போனார்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காத என் மேல்தான் முழுத் தப்பும். அதை அந்த மைக்கில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்று வரை எனக்கு அது வெட்கம்தான்.

திரும்பி நடக்கும்போது வள்ளியம்மாவிடம் கேட்டேன். “கறுப்புத் துணி கிடைக்கவில்லையா அம்மா?”

“கடைத்தெருவெல்லாம் கெடைக்குதே அண்ணா. பொடவ தறியில இருந்துச்சே” என்றார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் நடையைக் குறைத்தார். “கூறைப் பொடவ தறியில இருக்கசொல்ல கறுப்ப ஊட்டுக்குள்ள ஏத்த மாட்டோம். ஒங்க பொண்ணு கட்டிக்கப் போறது. ஒரு பந்தயத்துக்காகவா அத எடுத்துக்கினு வருவாங்க?”

கையிலிருந்த கொடியை ஒழுங்காக மடித்தேன். அவர் என் மகளைப் பார்த்ததுகூட இல்லை.

சனிக்கிழமை கிளம்பினேன். ஜொகூரில் என் மனைவி புடவையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சிவப்பு எடுப்பா இருக்கு” என்றாள், அரக்கு என்று எழுதிக் கொடுத்தவளே. “சிவப்பு இல்லை, அரக்கு” என்று திருத்தினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். மணமகள் அறைக் கதவு திறந்து, தோழிகளுக்கு நடுவில் என் மகள் அந்தப் புடவையில் மணவறைக்கு வந்தாள். நான் நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என் மேல் மோதிக்கொண்டார்கள். “என்ன அப்படியே நின்னுட்டீங்க? நகருங்க” என்று மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அது சிவப்பு இல்லை, அரக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை.